உடையாத வடிவம்

அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப்பின் 'ஒன் ஆர்ட்' கவிதையைப் படித்துக் கலங்கியவர்களிடம் எந்த இடத்தில் கலங்கினீர்கள் என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் கடைசி அடியைத்தான் காட்டுவார்கள். ஏன் என்று கேட்டாலும் பதில் பெரிதாக மாறாது. பதினெட்டு அடிகள் வரை ஒருத்தி தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். பத்தொன்பதாவதில் பிடி நழுவுகிறது. செய்யுளின் கட்டு தெறித்து, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வெளியே வருகிறது. வடிவம் உடைந்த இடத்தில் உண்மை தெரிகிறது என்பது இந்த வாசிப்பின் சாரம். ஏறக்குறைய அரை நூற்றாண்டாக இதுவே கவிதையின் அதிகாரபூர்வ உரை போல நிலைத்துவிட்டது. கலங்கியது சரிதான். சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தக் கவிதையில் வடிவம் எந்த இடத்திலும் உடையவில்லை.

கவிதை 1976 ஏப்ரல் 26 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழில் வந்தது. அதே ஆண்டில் 'ஜியாகரபி III' தொகுப்பிலும் சேர்ந்தது. பிஷப்புக்கு அப்போது 65 வயது; அதற்குப் பிறகு மூன்றரை ஆண்டுதான் இருந்தார். கவிதை எடுத்துக்கொண்ட வாதம் எளிமையானது. இழப்பதும் ஒரு கலை, பழகப் பழகக் கைவரும் என்கிறது. முதலில் சில்லறை இழப்புகள்: கதவுச் சாவி, வீணாய்ப் போன ஒரு மணி நேரம். பிறகு நினைவிலிருந்து நழுவும் ஊர்கள், பெயர்கள். அம்மாவின் கைக்கடிகாரம். மூன்று வீடுகள். இரண்டு நகரங்கள், இரண்டு ஆறுகள், ஒரு கண்டம். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கோடிழுத்து, 'நீ' வருகிறது.

இதை வில்லனெல் என்ற யாப்பில் எழுதினார். மூவடிக் கண்ணிகள் ஐந்து, கடைசியில் ஒரு நாலடிக் கண்ணி; ஆக 19 அடி. முழுக் கவிதைக்கும் இரண்டே இயைபுகள். முதல் அடியும் மூன்றாம் அடியும் பல்லவிகள். அவை கண்ணிக்குக் கண்ணி முறைவைத்துத் திரும்பிவரும். கடைசிக் கண்ணியில் இரண்டும் அடுத்தடுத்து நின்று கவிதையை மூடும். இதை ஐரோப்பாவின் புராதன வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பதினாறாம் நூற்றாண்டில் ழான் பாசெரா என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ஒரே ஒரு கவிதையின் அச்சுதான் பின்னாளில் விதியாயிற்று. அதற்கு முன் வில்லனெல் என்றால் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு, அவ்வளவே, அடிக்கணக்கு கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் யாப்பிலக்கணக்காரர்கள்தான் பாசெராவின் பாட்டை எடுத்துச் சட்டமாக்கினார்கள். அந்த மூலக் கவிதையே தன் புறாவைத் தொலைத்தவன் பாடுவது. தொலைந்ததைப் பாடியே பிறந்த வடிவம் இது என்பதால் பிஷப்பின் தேர்வில் ஒரு பொருத்தம் இருக்கிறது, அவர் அதை யோசித்தாரோ இல்லையோ.

வடிவம் உடைகிறது என்பவர்கள் முதலில் ஒன்பதாம் அடியைப் பார்க்க வேண்டும். விதிப்படி அங்கே மூன்றாம் அடி அப்படியே திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடி முழுதும் மாறிவிட்டது; பேரழிவைக் குறிக்கும் கடைசிச் சொல் மட்டும் திரும்புகிறது. பதினைந்தாம் அடியிலும் இதே கதை. ஆக, இரண்டாவது பல்லவியைப் பிஷப் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டார். அதன் இறுதிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார். முதல் பல்லவியோ மூன்று முறை எழுத்துப் பிசகாமல் வருகிறது. ஒன்று ஆணியடித்தது போல நிற்கிறது, மற்றது கண்ணிக்குக் கண்ணி சாயல் மாறுகிறது. பாடம் ஒப்பிக்கும் குரல் மாறவில்லை. அந்தப் பாடத்துக்குச் சொல்லப்படும் சமாதானம்தான் ஒவ்வொரு தடவையும் வேறாகிறது. முதல் கண்ணியில் பொதுவான நீதி. மூன்றாவதில் எதிர்காலத்துக்கு ஓர் உத்தரவாதம். ஐந்தாவதில் இறந்த காலத்தில், ஏக்கம் உண்டுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகு வரும் மறுப்பு. விதிமீறல் என்று இருந்தால் அது இங்கே, நடுவில், யாரும் கண்ணீர் விடாத இடத்தில் இருக்கிறது.

கடைசி அடிக்கு வருவோம். அடியின் நடுவில் ஓர் அடைப்புக்குறி. அதற்குள், எழுது என்று தன் கைக்கே இடும் கட்டளை, ஆச்சரியக்குறியோடு. அடைப்புக்கு முன்னால் வந்த ஒப்புமைச் சொல், அடைப்பு முடிந்ததும் மறுபடி வருகிறது, திக்கியது போல. இதைத்தான் உடைப்பு என்கிறார்கள். அசைகளை எண்ணிப் பாருங்கள். முதல் பல்லவியில் பதினோரு அசைகள். கடைசி அடியிலும் பதினொன்று. அந்தக் கட்டளையையும் திக்கிய சொல்லையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது எட்டு. அடி குறைபட்டுப்போகும். திக்கல், கட்டளை இரண்டையும் சேர்த்துத்தான் யாப்பு கணக்கு வைத்திருக்கிறது. கட்டை மீறி வெடித்த ஒன்று இப்படித் தளைக்குள் அடங்கி உட்காராது.

அதற்கு முந்தைய அடியிலும் இதே கவனம்தான். முதல் பல்லவி நான்காம் முறை வரும்போது ஒரு சிறிய சொல் கூடுகிறது: இழப்பது கடினமில்லை என்றிருந்தது, அத்தனை கடினமில்லை என்று ஆகிறது. இழப்பைப் பற்றிய முழு உறுதியும் அந்த ஒரு சொல்லில் தளர்கிறது. அதே அடியில் வேறொரு சொல்லைச் சுருக்கி அசைக்கணக்கைப் பதினொன்றிலேயே நிறுத்துகிறார். பொருள் தளர்கிறது, யாப்பு தளரவில்லை. பதினெட்டாம் அடியில் நடப்பதைக் கவனிக்காதவர்களே பத்தொன்பதாம் அடியில் திடுக்கிடுகிறார்கள்.

அப்படியானால் ஏன் கலங்குகிறோம்? வில்லனெல்லின் விதி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும், மூன்றாம் அடியிலிருந்தே ஒரு சொல் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அது ஒன்பதில் வந்தது, பதினைந்தில் வந்தது. முடிவிலும் வந்தே தீரும் என்று நம் காதுக்குத் தெரியும். கவிதை சொல்பவளுக்கும் தெரியும். 'இல்லை' என்ற மறுப்போடுதான் அந்தச் சொல் இதுவரை மூன்று முறையும் வந்திருக்கிறது. 'நீ' வந்த பிறகு அந்த மறுப்பை அவளால் சேர்க்க முடியவில்லை. சொல்லைத் தவிர்க்கவும் முடியாது, ஏனென்றால் யாப்பு அதைக் கேட்கிறது. என்ன சொல் வரும் என்ற சந்தேகமே இல்லை. எழுதுவாளா என்பதுதான் கேள்வி. கட்டளை அந்த இடைவெளியில் வருகிறது. அவள் கீழ்ப்படிகிறாள். வேறு எந்த வடிவத்தில் எழுதியிருந்தாலும் அந்தச் சொல்லை எழுதாமல் தப்பியிருக்கலாம். இந்த வடிவம் தப்பவிடாது. வடிவம் முகமூடி, அது கழன்றதும் முகம் தெரிகிறது என்பது நேர்மாறான வாசிப்பு. இங்கே ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதே வடிவம்தான்.

அடுத்தது வாழ்க்கை வரலாற்று வாசிப்பு. இதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது, ஆபத்தும் அதனால்தான். பிஷப் பிறந்து எட்டு மாதத்தில் அப்பா இறந்தார். அம்மாவை 1916-இல் நோவா ஸ்கோஷியாவின் டார்ட்மத் நகர மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை அதற்குப் பிறகு அம்மாவைப் பார்க்கவே இல்லை. அம்மா 1934 வரை அங்கேயே இருந்து இறந்தார். வீடுகள் என்று கவிதை சொல்வது கீ வெஸ்டிலும் பிரேசிலின் பெட்ரோபொலிஸிலும் ஓரோ பிரெட்டோவிலும் இருந்தவை. பிரேசிலில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவரோடு வாழ்ந்த லோட்டா ஜி மசேடோ சோவாரெஸ் 1967-இல் நியூயார்க்கில் அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கி இறந்தார். இதெல்லாம் தெரிந்தபின் அம்மாவின் கைக்கடிகாரத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை. அம்மாவை இழந்ததைச் சொல்லாமல், கடிகாரத்தைத் தொலைத்ததைச் சொல்லி, அடுத்த அடிக்கு விரைகிறாள். இந்த ஓரிடத்தில் வாழ்க்கை வரலாறு கவிதைக்கு உதவுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரலாறு தெரியாத வாசகரும், சாவிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஏன் ஓர் அம்மா தலைகாட்டிவிட்டு மறைகிறாள் என்று தடுக்கி நிற்பார். தடுக்க வேண்டிய கல்லைக் கவிதையே போட்டிருக்கிறது.

சிக்கல் 'நீ' யார் என்பதில் தொடங்குகிறது. லோட்டா என்றுதான் முதலில் பலர் நினைத்தார்கள். பிறகு வாசார் கல்லூரிக் காப்பகத்திலுள்ள வரைவுகளைப் படித்த பிரெட் மில்லியர், பிஷப்பின் பிற்காலத் துணையாக இருந்து 1975-இல் விலகிப்போகவிருந்த ஆலிஸ் மெத்ஃபெசலே அந்த 'நீ' என்று காட்டினார். வரைவுகளில் நீலக் கண்கள் வருகின்றன. அச்சான கவிதையில் கண்களே இல்லை. பதினைந்துக்கும் மேற்பட்ட வரைவுகள். முதல் வரைவு ஏறக்குறைய உரைநடை. அதில் இழப்பின் கனம் மறைப்பே இல்லாமல் கொட்டிக் கிடக்கிறது. நடுவில் ஒரு கட்டத்தில், மேலே எழுதியதெல்லாம் பொய் என்றே ஒப்புக்கொள்ளும் அடி இருந்தது. அச்சில் அது தலைகீழாகி, பொய் சொன்னதாக ஆகாது என்ற மறுப்பாயிற்று. வெளிப்படையிலிருந்து அடக்கத்தை நோக்கி ஒவ்வொரு வரைவும் ஓரடி நகர்ந்திருக்கிறது.

மில்லியரின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு 'இது ஆலிஸை இழந்த கவிதை' என்று முடிப்பவர்களுக்கு ஒரு தொல்லை இருக்கிறது. ஆலிஸ் திரும்பி வந்துவிட்டார். பிஷப் 1979 அக்டோபரில் இறக்கும்வரை உடன் இருந்தார். பிஷப்பின் இலக்கியச் சொத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவரும் அவரே. இழக்காத ஒருவரை இழந்ததாக எழுதிய கவிதை பொய்யாகிவிட்டதா? யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே அதன் உண்மை ஆலிஸிடம் இல்லை. கவிதையின் வினைச்சொற்களே இதைச் சொல்கின்றன. சாவியும் மணி நேரமும் கட்டளையாக வருகின்றன. கடிகாரமும் வீடுகளும் கண்டமும் இறந்த காலத்தில். 'நீ' வந்ததும் காலம் குழம்புகிறது: அந்தக் கேலிக் குரலையும் ஒரு சைகையையும் நிகழ்காலத்தில் நேசிக்கிறாள், பொய் சொன்னதாக ஆகாது என்பதோ எதிர்காலத்தில் நின்று பின்னோக்கிப் பார்க்கும் வினை. கவிதைக்குள் இழப்பு இன்னும் நடந்து முடியவில்லை. நடந்து முடிந்த துக்கத்தைவிட நடக்கப்போகும் துக்கத்துக்கு ஒத்திகை பார்ப்பதே இங்கே நிகழ்கிறது. இறந்தவரின் குரலையும் நிகழ்காலத்தில் நேசிக்கலாமே என்று எதிர்வாதம் செய்யலாம்; அது நியாயம். அதனால்தான் லோட்டாவா ஆலிஸா என்ற வழக்கு கவிதையின் நீதிமன்றத்தில் எடுபடாது. இரண்டு தரப்புக்கும் கவிதை இடம் கொடுக்கிறது, இரண்டையும் உறுதி செய்ய மறுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ராபர்ட் லோவெல் தன் முன்னாள் மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கின் கடிதங்களை எடுத்து, மாற்றி, 'த டால்ஃபின்' தொகுப்பில் கவிதைகளாக்கினார். 1972-இல் கையெழுத்துப் பிரதியைப் படித்த பிஷப், எந்தக் கலைக்கும் இவ்வளவு விலை கொடுக்கக் கூடாது என்ற பொருளில் நண்பருக்குக் கடுமையாக எழுதினார். லோவெல் கேட்கவில்லை, தொகுப்புக்கு 1974-இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அந்தக் கடிதம் எழுதிய கைதான் மூன்று ஆண்டு கழித்து நீலக் கண்களை அடித்து எடுத்தது. படைப்பாளியின் விருப்பம் வாசகருக்குச் சட்டம் இல்லை. ஆனால் அவர் வேண்டுமென்றே அழித்ததைக் காப்பகத்திலிருந்து தோண்டி எடுத்துக் கவிதையின் 'உண்மையான பொருள்' என்று மேலே ஒட்டுவது வாசிப்பு ஆகாது. பிஷப்பின் முடிக்காத கவிதைகளும் வரைவுகளும் 2006-இல் புத்தகமாக வந்தபோது விமர்சகர் ஹெலன் வெண்ட்லர் அதை வன்மையாக எதிர்த்தார். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். வரைவுகள், ஒரு கவிதை எப்படி உருவாயிற்று என்பதைக் காட்டும். அதன் பொருளுக்கு அவை சாட்சி சொல்ல முடியாது.

மூன்றாவது தரப்பு சிறியது. ஆனால் மூன்றில் இதுவே கூர்மையானது. இவர்களுக்குக் கவிதை குளிர்ந்துபோனது, சாமர்த்தியமானது. சாவியையும் காதலையும் ஒரே பட்டியலில் வைக்கும் கெட்டிக்காரத்தனம் பிடிக்கவில்லை. தமிழ் வாசகருக்கு இந்தக் குறை சட்டென்று புரியும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதில் இழவு தனி, வறுமை தனி. பொருள் போனதற்கு அழுவதையும் ஆள் போனதற்கு அழுவதையும் ஒரே தட்டில் வைக்க நமக்குக் கூசும். பிஷப்பும் அந்தக் கூச்சத்தை அறியாதவர் இல்லை. பட்டியல் வளர வளர அது அபத்தமாகிக்கொண்டே போக வேண்டும் என்பதே அவர் திட்டம். கண்டத்தை இழந்தேன் என்பவளின் குரலில் மெல்லிய கேலி இருக்கிறது. அந்தக் கேலி கடைசிக் கண்ணியில் செல்லுபடியாகாது என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

இந்தத் தரப்பின் வலுவான குற்றச்சாட்டு வேறு. அடைப்புக்குறிக்குள் வரும் கட்டளை ஒரு நாடகம் என்கிறார்கள். பதினைந்துக்கும் மேற்பட்ட வரைவுகள் எழுதியவர் கடைசியில் திக்கியது போல எழுதினால், அது ஒத்திகை பார்த்த திக்கல். நானே மேலே பதினோரு அசையை எண்ணிக் காட்டியது இவர்களுக்குத்தான் சாதகம் போலத் தெரியும். எதுகை மோனைக்காகச் சொல்லை இழுத்துவந்தால் உணர்ச்சி பொய் என்று நம்மிடமும் ஒரு நம்பிக்கை உண்டு. 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் வளர்த்த புதுக்கவிதையின் பிள்ளைகள் நாம். யாப்பைக் கண்டாலே கொஞ்சம் சந்தேகப்படுவோம். அந்தச் சந்தேகம் அன்றைக்குத் தேவையாக இருந்தது. ஒப்பாரிக்கு முன்னால் அது நிற்காது. ஊருக்கு ஊர் துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் முன்பே நூறு சாவில் பாடிய அடிகளைத்தான் பாடுகிறார்கள். விளி அதேதான், இழுப்பு அதேதான். இறந்தவருக்கேற்ப உறவுப்பெயரும் பெருமையும் மாறும். அந்த அழுகையைப் பொய் என்று துக்க வீட்டில் யாரும் சொன்னதில்லை. திரும்பி வரும் அடிதான் மற்றப் பெண்கள் வந்து சேர்ந்துகொள்ளும் வாசல். முதன்முறையாகச் சொல்வதால் ஒரு துக்கம் உண்மையாவதில்லை. சொல்லியே ஆக வேண்டியிருப்பதால்தான் அது உண்மை.

வாழ்நாள் முழுக்க ஒரு வில்லனெல் எழுத முயன்று முடியாமல் போனதாகவும், பிறகு ஒருநாள் இது கடிதம் எழுதுவது போல வந்துவிட்டதாகவும் 1978-இல் எலிசபெத் ஸ்பையர்ஸுக்குக் கொடுத்த பேட்டியில் பிஷப் சொன்னார். வரைவுக் குவியலைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. பிஷப் கடிதங்களையும் மெனக்கெட்டுத்தான் எழுதினார். அவற்றிலிருந்து ராபர்ட் ஜிரோ தேர்ந்தெடுத்த தொகுப்பு 1994-இல் தடித்த புத்தகமாக வந்தது. அதன் பெயரும் 'ஒன் ஆர்ட்' தான்.

ஆனாலும் குற்றச்சாட்டு முழுதாகத் தள்ளுபடியாவதில்லை. அந்த ஆச்சரியக்குறி கூடுதல். கட்டளை இடும் சொல்லைச் சாய்வெழுத்தில் அழுத்தியது இன்னும் கூடுதல். அடைப்புக்குறியே குரலைத் தாழ்த்திவிட்டது. அதற்குள் குரலை உயர்த்துவது மேடையில் பக்கத்தில் திரும்பிப் பேசும் நடிகரின் வேலை. முதல் வாசிப்பில் இது தெரியாது. பலமுறை படித்தவருக்கு உறுத்தும். அதே கண்ணியில் இன்னோர் அடைப்புக்குறி இருக்கிறது. அந்தக் கேலிக் குரலும் சைகையும் அதற்குள்தான் வருகின்றன. முழுக் கவிதையிலும் அந்த மனிதருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். இந்த அடைப்பில் ஆச்சரியக்குறியும் இல்லை, சாய்வும் இல்லை. இதன் அடக்கம் மற்றதில் இல்லை. 'கடைசி அடியில் கலங்கினேன்' என்பவர்கள் இதைத் தாண்டி எப்படி வந்தார்கள் என்பதே எனக்கு வியப்பு.

நம் மரபில் இதற்கு அளவுகோல் ஒன்று இருக்கிறது. புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. பாரி மகளிர் பாடியது, கையறுநிலைத் துறை. ஐந்தே அடி. அன்றைய நிலவு, இன்றைய நிலவு என்று ஒரே தொடர் இரண்டு முறை வருகிறது. அகரச் சுட்டு இகரச் சுட்டாக மாறுகிறதே தவிர வேறு மாற்றம் இல்லை. பிஷப் பதினெட்டாம் அடியில் செய்தது இதே வேலை. அங்கே ஒரு சொல், இங்கே ஓர் எழுத்து. இன்னொரு நுணுக்கமும் உண்டு. முதல் பாதியில் தந்தை முன்னால், குன்று பின்னால். இரண்டாம் பாதியில் குன்று முன்னால், தந்தை கடைசியில். இடத்தை இழந்ததைச் சொல்லிவிட்டு, ஆளை இழந்ததைக் கடைசிக்கு ஒதுக்குகிறது பாட்டு. அதுவும் பிஷப்பின் வரிசைதான். எழுது என்ற கட்டளையோ ஆச்சரியக்குறியோ இந்தப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை. பறம்பு மலையின் முற்றுகை இல்லாமல் நாம் இந்தப் பாட்டைப் படிப்பதே இல்லை என்று ஒருவர் கேட்கலாம்: அதுவும் வரலாற்று வாசிப்புதானே? ஆம். ஆனால் தந்தையும் குன்றும் வென்ற வேந்தரின் முரசும் பாட்டுக்குள்ளேயே நிற்கின்றன. கொளு இல்லாமல் போயிருந்தாலும் பெயர்கள்தான் போயிருக்கும், துக்கம் போயிருக்காது.

பல்லவிக்கு ஒரு கேடும் உண்டு. அது கவிதையிலிருந்து கழன்றுபோகும். டிலன் தாமஸ் தன் தந்தைக்கு எழுதிய புகழ்பெற்ற வில்லனெல்லுக்கு நடந்தது இதுதான். 1951-இல் அது வெளிவந்தபோது தந்தை உயிரோடுதான் இருந்தார். இன்று அதன் பல்லவிகள் துணிவுக்கான கோஷமாகிவிட்டன. 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் விண்கலப் பயணத்துக்கே அது வாழ்த்துப்பா ஆயிற்று. கெஞ்சுகிற மகன் காணாமல் போனான். பிஷப்பின் முதல் பல்லவியையும் தனியாக எடுத்து ஆறுதல் வாசகமாக்குபவர்கள் இருக்கிறார்கள். கவிதை முழுக்க எதை நிரூபிக்க முடியாமல் தோற்கிறதோ அதையே கவிதையின் கருத்தாக எடுத்துக்கொள்வது அது. 2005-இல் வந்த 'இன் ஹெர் ஷூஸ்' என்ற ஹாலிவுட் படம் இதைவிட நல்ல வாசகியைக் காட்டியது. வாசிப்புக் குறைபாடு உள்ள ஒரு பெண், பார்வை இழந்து படுக்கையில் கிடக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு இந்தக் கவிதையை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். எல்லா அடியிலும் அவள் திக்குகிறாள். அதனால் கடைசி அடியின் திக்கல் அவளுக்குத் தனியாகத் தெரிவதில்லை. பொருளை வேறு இடங்களிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. வணிகப் படம்தான். ஆனாலும் கவிதையை இப்படித்தான் படிக்க வேண்டும்.

தீர்ப்பைத் தனியாக இந்த ஒரு கவிதைக்கு மட்டும் சொன்னால் அரைகுறையாக இருக்கும். திரும்பும் வடிவத்தில் பிஷப் எழுதிய இன்னொரு துயரக் கவிதை இருக்கிறது. 'செஸ்டினா'. 1956-இல் வெளிவந்தது, அவர் முதலில் வைத்த தலைப்பு இளமைத் துயரம் என்ற பொருள் தருவது. ஆறு சொற்கள் ஒவ்வொரு கண்ணியிலும் இடம் மாறி மாறி அடியிறுதியில் வந்தாக வேண்டும் என்பது அந்த வடிவத்தின் விதி. பிஷப் எடுத்த ஆறு: வீடு, பாட்டி, குழந்தை, அடுப்பு, பஞ்சாங்கம், கண்ணீர். ஆறில் ஐந்து ஒரு சமையலறையில் சாதாரணமாகக் கிடப்பவை. ஆறாவதைத் தேர்ந்த உடனேயே வேலை முடிந்துவிட்டது; ஒவ்வொரு கண்ணியிலும் கண்ணீர் வந்தே ஆக வேண்டும், யாரும் அழாவிட்டாலும். பாட்டி மறைக்கப் பார்க்கிறாள். வடிவம் விடுவதில்லை; கண்ணீர் கெண்டியிலிருந்து அடுப்பில் சொட்டுகிறது, தேநீர்க் கோப்பையில் நிறைகிறது, குழந்தை வரைந்த மனிதனின் சட்டைப் பொத்தானாகிறது. அப்பாவும் அம்மாவும் ஏன் அந்த வீட்டில் இல்லை என்று கவிதையில் ஒரு சொல் கிடையாது. கட்டளை இடும் குரலும் கிடையாது. 'ஒன் ஆர்ட்' கவிதையில் வடிவம் ஒரு சொல்லைக் கடைசியில் ஒரே ஒரு முறை பறிக்கிறது. இங்கே அதையே ஒவ்வொரு கண்ணியிலும் செய்கிறது. குழந்தைக்கு அது தெரிவதில்லை.

எனவே என் தீர்ப்பு இது. வடிவம் உடைந்து உண்மை வெளிப்படுகிறது என்ற வாசிப்பை யாப்பே மறுக்கிறது; அதைக் கைவிடலாம். ஆளைத் தேடும் வாசிப்பு, கைக்கடிகாரத்தைத் தவிர வேறெங்கும் கவிதைக்கு எதையும் சேர்க்கவில்லை. குளிர்ச்சி என்ற குற்றச்சாட்டு ஓர் ஆச்சரியக்குறியின் அளவுக்கு உண்மை. 'ஒன் ஆர்ட்' ஆங்கிலத்தில் எழுதிய வில்லனெல்களில் முதல் வரிசையில் நிற்கும். தாமஸின் கவிதைக்கு மேலே வைப்பேன், ஏனென்றால் தாமஸின் பல்லவி முதல் முறை சொன்னதையே கடைசி முறையும் சொல்கிறது. ஆனால் பிஷப்பின் சிறந்த துயரக் கவிதை இது இல்லை. வாசகர்கள் இதை அதிகம் நேசிப்பதற்குக் காரணம், எங்கே அழ வேண்டும் என்பதை இது காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'செஸ்டினா' காட்டிக்கொடுப்பதில்லை, அதனால் அதற்கு வாசகர் குறைவு. கவிதை என்ற வகையில் அதுவே ஒரு படி மேல்.